பால்கோவாவும் பாலிசியும்

எண்பதுகளில் எங்கள் வீட்டுப் பாலிசி பத்திரங்களில் ஏஜென்ட் என்று ஒரு அம்மாள் பெயர் இருக்கும். அந்த அம்மாவை நாங்கள் பார்த்ததே இல்லை. வீடு தேடி வருபவர் அவருடைய கணவர், பள்ளிக்கூட வாத்தியார். அரசுச் சம்பளம் வாங்குகிறவர் ஏஜென்சி எடுக்க முடியாது; மனைவி எடுக்கலாமே! ஊரில் பல ஏஜென்சிகள் இப்படித்தான் ஓடின. பிராஞ்சில் விழா வைத்து அந்த அம்மாவுக்குச் சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தார்களாம். எதற்காகக் கொடுத்தார்கள் என்பதை வீட்டுக்கு வந்து வாத்தியாரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பார்.

வாத்தியாருக்கு வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை எங்கள் ஊர் ராஜபாளையத்தில். நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், டவுன் பஸ். வருஷக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம் வந்துவிட்டால் ரெக்ஸின் பையோடு பால்கோவாப் பொட்டலமும் சேர்ந்து வரும். பொட்டலம் எங்களுக்கு, கையெழுத்து அவருக்கு.

எந்தக் கம்பெனி என்ற கேள்விக்கே அன்று இடமில்லை. 1956-ல் 245 கம்பெனிகளையும் சொசைட்டிகளையும் ஒன்றாக்கி எல்.ஐ.சி. பிறந்த பிறகு, 2000 வரை ஆயுள் காப்பீடு என்றால் அது ஒன்றுதான். அதனால் ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது ரொம்பச் சுலபம்: யாரிடம் முடியாது என்று சொல்ல முடியாதோ, அவரே ஏஜென்ட். மில்லுக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். என் அக்காவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் என்பதால் எங்களுக்கு வாத்தியார்.

திண்ணையில் உட்கார்ந்து படிவத்தை அவரே நிரப்புவார். ஒருமுறை பொட்டலத்தைப் பிரித்து அப்பா கையில் ஒரு விள்ளல் வைத்துவிட்டு, பேனாவைத் திறந்து, "சர்க்கரை இருக்கா?" என்றார்.

"சரியா இருக்கு சார்" என்றார் அப்பா, வாயில் பால்கோவாவோடு.

வாத்தியார் சிரிக்காமல் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். பீடி, சிகரெட், குடும்பத்தில் இருதய நோய் என்று மற்ற கேள்விகளுக்கெல்லாம் அப்பாவைக் கேட்காமலேயே 'இல்லை' போட்டார். எங்கள் குடும்பத்தைப்போல ஆரோக்கியமான குடும்பம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலேயே கிடையாது, அந்தப் படிவத்தின்படி.

முதல் பிரீமியத்தில் பாதியை அவரே கட்டிவிடுவார். ஊரில் இதை மரியாதை என்றார்கள். 1938-ம் வருஷத்து இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 41-ம் பிரிவு இதைக் குற்றம் என்கிறது. அன்று அபராதம் 500 ரூபாய் வரை. 2015-ல் அதை 10 லட்சமாக உயர்த்தினார்கள். ஊர் இரண்டையும் ஒரே மாதிரிதான் மதித்தது.

ஆனால் வாத்தியாருக்கு ஒன்றும் நஷ்டமில்லை. முதல் வருஷக் கமிஷன் 35 சதவீதம் வரை போகலாம், அடுத்த இரண்டு வருஷம் ஏழரை, அதற்குப் பிறகு ஐந்து என்பது அன்றைய உச்சவரம்பு. பிரீமியம் பெரிதானால் கமிஷனும் பெரிது. அதனால் கட்டிய பணம் திரும்பி வரும் எண்டோமென்ட், மணி பேக் இவை தவிர வேறு பேச்சு வராது. செத்தால் மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசியைப் பற்றி அப்பா எங்கேயோ கேள்விப்பட்டு வந்து விசாரித்தபோது, "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுங்க அது" என்று வாத்தியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மில் தொழிலாளியான அப்பா பத்தாயிரம் ரூபாய்க்குப் பாலிசி எடுத்தார். அது அவருடைய ஒரு வருஷச் சம்பளத்தைக்கூட எட்டாது. முதிர்ந்து, போனஸோடு வந்த பணம் அக்கா கல்யாணத்தில் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் சரியாக இருந்தது. நடுவில் அப்பா போயிருந்தால் நாங்கள் எதை வைத்துப் பிழைத்திருப்போம் என்று அன்று யாரும் கணக்குப் போடவில்லை, கணக்கு வாத்தியார் உட்பட.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்துத் தெருவில் பஞ்சு மார்க்கெட் சுமைதூக்குபவர் ஒருவர் திடீரென்று இறந்தபோது, மூன்றாம் நாளே வாத்தியார் வந்துவிட்டார். இறப்புச் சான்றிதழுக்கு நகராட்சிக்கு அலைந்தவர் அவர். பத்திரத்தில் ஒரு இனிஷியல், ரேஷன் கார்டில் வேறு இனிஷியல் என்று தகராறு வந்தபோது பிராஞ்சில் நின்று சண்டை போட்டவரும் அவர்தான். அந்தக் கிளெய்மில் அவருக்குக் கால் காசு கமிஷன் கிடையாது.

இன்று இருபதுக்கும் மேற்பட்ட ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகள். பிக்சட் டெபாசிட் போட ஒரு வங்கிக்குப் போன என் சித்தப்பா, பத்து வருஷம் கட்ட வேண்டிய யூலிப் பாலிசியோடு திரும்பினார். டெபாசிட் ரசீது என்று நினைத்துப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பது அவருக்குத் தெரிந்தது அடுத்த வருஷத் தவணைக்கு எஸ்.எம்.எஸ். வந்தபோது.

ஆகவே, எந்தக் கம்பெனியையும் சாராத ஆலோசகர் வேண்டும் என்று இப்போது எங்கள் ஊர்க்காரர்களும் பேசுகிறார்கள். ஏஜென்ட் ஒரே ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியின் ஆள். புரோக்கர் என்பவர் சட்டப்படி நம் ஆள்; பல கம்பெனிகளை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டியவர். ஆனால் அவருக்கும் கூலி கொடுப்பது கம்பெனிதான். தவிர, லைசென்ஸுக்கு 75 லட்சம் மூலதனம் காட்ட வேண்டும். அந்தப் பணம் இருக்கிறவர் எங்கள் பக்கம் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக்குத் தறி போட்டுவிடுவார். மிச்சம் இருப்பது, நம்மிடம் மட்டும் கட்டணம் வாங்கும் ஆலோசகர். செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர்களுக்கு 2013-லிருந்து விதிமுறைகள் உண்டு. அவர்களில் சிலர் காப்பீட்டையும் சேர்த்துப் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் டீக்கடை பெஞ்சில் ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிற ஊரில் அதற்கு யார் காசு கொடுப்பார்கள்?

என்னைக் கேட்டால், சின்ன ஊரில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. எந்த வீட்டுக்குக் கிளெய்ம் வாங்கிக் கொடுத்தீர்கள் என்று ஆலோசகரிடம் கேட்டு, அந்த வீட்டுக்கே நடந்து போய் விசாரித்துவிட்டு வரலாம். மும்பையில் அது நடக்காது. கம்பெனி இழுத்தடித்தால் சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்கிறார், 50 லட்சம் வரை விசாரிப்பார், கட்டணம் இல்லை என்பது அந்த ஆலோசகருக்குத் தெரியுமா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

என் அத்தானுக்கு இதையெல்லாம் சொல்லி, மதுரையில் கட்டணத்துக்கு ஆலோசனை சொல்லும் ஒரு பெண்ணிடம் வீடியோ காலில் பேச வைத்தேன். முதல் ஆலோசனை இலவசம் என்று அந்தப் பெண் ஒரு மணி நேரம் பேசியது. பழைய பாலிசிகளில் எதை நிறுத்தலாம், எவ்வளவுக்கு டெர்ம் எடுக்கலாம், குடும்பத்துக்கு எவ்வளவு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று வரிசையாகச் சொன்னது. அத்தான் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில், மேற்கொண்டு செய்வதற்குக் கட்டணம் இவ்வளவு என்றதும் முகம் மாறிவிட்டது.

"ரெண்டு பாலிசி உங்ககிட்டயே எடுத்துட்டா ஃபீஸை விட்ருவீங்களாம்மா?"

"நான் பாலிசி விக்கிறதில்லை சார்."

"அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு நேரம் பேசுனீங்க?"

மறுநாள் காலை அந்தக் காலண்டர் தாளோடு தெருமுனையில் இருக்கும் ஏஜென்டிடம் போயிருக்கிறார், முதல் பிரீமியத்தில் எவ்வளவு கழிப்பார் என்று கேட்க. ஏஜென்ட் தாளை இரண்டு தரம் படித்துவிட்டுக் கேட்டாராம்: "யாருண்ணே இதை எழுதிக் குடுத்தது? ஒண்ணுலயும் எனக்குன்னு பெருசா எதுவும் தேறாதே."