ரிவர்ஸ்டன் ரோட்டு ஜமீன்தார்

வாங்க ஜமீன்தாரே, உக்காருங்க. என் கடைப் பெஞ்சு ஒரு பக்கம் ஆடும், பாத்து. காணி வாங்கப் போறியாமே? உங்கம்மா ரத்தோட்டை பஸ்ஸுல வந்த அத்தனை பேருகிட்டயும் சொல்லியாச்சு. காணிக்காரன் காதுக்கும் போயிருக்கும், நேத்தே விலையை ஏத்தியிருப்பான். சல்லியைக் கட்டுறதுக்கு முன்னால வாயைக் கட்டணும் மகனே. அது நம்ம குடும்பத்துல ஒருத்தருக்கும் வராத வித்தை.

திட்டத்தை நானே சொல்லிடுறேன், நீ ப்ளேன்டியைக் குடி. லக்கல போற ரோட்டோரம் 20 பேர்ச்சஸ். அதுல ரெண்டு காம்பிரா, ஒரு வராந்தா. கொழும்புப் பொடியனுங்க சனி ஞாயிறுல கூடாரத்தைத் தூக்கிக்கிட்டு பிட்டவல பத்தனைக்கு வருவாங்க. காத்து கூடாரத்தைப் பிச்சிட்டுப் போனதும் உன் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க. நீ வாடகை வாங்குவே. நல்ல திட்டம்தான், குத்தம் சொல்லல. பத்துக்குப் பன்னெண்டு லயத்துக் காம்பிராவுல காலை மடக்கிப் படுத்த பரம்பரை, இப்ப ஊரானுக்குக் கட்டில் போட்டு வாடகைக்கு விடப் போகுதுன்னா எனக்குத்தான் சந்தோஷம்.

கையில எவ்வளவு வச்சிருக்கே? ஏன் வெளிய பாக்கிறே? பைக்குக்கு மாசம் எவ்வளவு லீசிங்? போன் தவணை? அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கும் தவணையா, இல்ல காசு குடுத்து வாங்கினதா? சும்மா கேட்டேன், கோவிச்சுக்காதே.

உன் மேல குத்தமில்ல. நம்ம சனமே கடன்ல கால் வச்சுத்தான் இந்த மலை ஏறினது. எங்க தாத்தன் காலத்துல கங்காணிக்குப் பட்ட கடனைத் துண்டுல எழுதி வைப்பாங்க. வேற தோட்டத்துக்குப் போகணும்னா அந்தத் தோட்டம் துண்டுக் காசைக் கட்டி ஆளை எடுக்கும். 1921லதான் அந்தத் துண்டை ஒழிச்சாங்க. துண்டு போச்சு, தீபாவளி அட்வான்ஸ் வந்துச்சு. முன்னால வாங்கித் தின்னுட்டு பின்னால மாசா மாசம் சம்பளத்துல வெட்டு. 2021ல நாள் சம்பளம் ஆயிரமாச்சு, 2024ல 1350 ஆச்சு. அட்வான்ஸ் மட்டும் அப்படியே இருக்கு. நீ செய்ய வேண்டியது அதைத் தலைகீழாத் திருப்புறதுதான். சம்பளம் வந்த அன்னைக்கே உனக்கு நீயே வெட்டு போடு. மிச்சத்துல தின்னு. மிஞ்சினா சேக்கிறேன்னவன் ஒருத்தன் கையிலயும் மிஞ்சி நான் பாத்ததில்ல.

எவ்வளவு வேணும்னு தெரியுமா? காணிக்காரன் 30 லட்சம் சொல்றான்னு வச்சுக்க. வங்கி அவன் வாயைப் பாக்காது, தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் சுத்திப் பாத்துட்டு 25 லட்சம்னு எழுதுவார். அதுல முக்கால் பங்கு கடன் தந்தாங்கன்னா 18 லட்சத்து 75 ஆயிரம். மிச்சம் பதினொன்னேகால் லட்சம் உன் மடியில இருக்கணும். அதோட முடியல. முத்திரை வரி இருக்கு. முதல் லட்சத்துக்கு 3 வீதம், அதுக்கு மேல 4 வீதம். 30 லட்சத்துக்கு மொத்தம் 119,000 ரூபா. அப்புறம் நொத்தாரிசு, சர்வேயர், மாத்தளை காணிப் பதிவகத்துல 30 வருசத்துக் கதையைத் தோண்டிப் பாக்கிற செலவு. இதை ஒருத்தனும் கணக்குல சேக்கிறதில்ல. உறுதி எழுதுற அன்னைக்குத்தான் அக்கா கழுத்துல இருக்கிற சங்கிலி ஞாபகத்துக்கு வரும்.

எங்க போட்டு வைக்கிறதுன்னு கேளு, அதுதான் கேள்வி. நூத்துக்கு முப்பது வட்டி தர்றேன்னு யாராவது பளபளன்னு ஆபீஸ் போட்டா அந்தப் பக்கமே தலை வைக்காதே. 2008 டிசம்பர்ல கோல்டன் கீ கம்பனி கவுந்தப்போ பெரிய பெரிய படிச்சவங்கெல்லாம் வாசல்ல நின்னாங்க, நீயும் நானும் எம்மாத்திரம். தேசிய சேமிப்பு வங்கியில போட்ட காசுக்கு அரசாங்கமே பொறுப்பு. மத்த வங்கியில காப்புறுதி ஆளுக்கு 11 லட்சம் வரைக்கும்தான். வட்டியிலயும் 2025 ஏப்ரல்ல இருந்து நூத்துக்குப் பத்தைப் பிடிச்சிட்டுத்தான் தருவாங்க. வருச வருமானம் 18 லட்சத்துக்குக் கீழன்னா ஒரு பிரகடனம் எழுதிக் குடு, பிடிக்க மாட்டாங்க. உன் வருமானம் அதுக்குக் கீழதானே? பைக்கைப் பாத்தா அப்படித் தெரியலையே.

சும்மா புத்தகத்துல போட்டுட்டுத் தூங்கவும் கூடாது. 2022 செப்டெம்பர்ல விலைவாசி ஒரே வருசத்துல நூத்துக்கு எழுபது கிட்ட ஏறினது ஞாபகமிருக்கா? அஞ்சு வருசம் சேத்தவன் சல்லி, எண்ணிக்கையில அப்படியே இருந்துச்சு, வாங்கிற பலத்துல கிட்டத்தட்ட பாதி போச்சு. அதுக்காகப் பயந்து அவசரத்துல கண்ட காணியை வாங்கினவனும் இருக்கான். அவன் கதை இன்னும் மோசம். நிலையான வைப்பை ஆறு மாசம், ஒரு வருசம்னு பிரிச்சுப் போடு. வட்டி ஏறினா ஒண்ணு முடிஞ்சு கைக்கு வரும், மாத்திப் போடலாம்.

இன்னொண்ணு. உன் புறக்கோட்டை முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்குத் தன் பங்கு 12 வீதத்தைக் கட்டுறாரா? உன் 8 வீதத்தை மட்டும் வெட்டிட்டு முருகனுக்கு விளக்கு ஏத்துறவங்களும் உண்டு. போய் கணக்கைப் பாரு. பத்து வருசம் கட்டி, 3 லட்சத்துக்குக் குறையாம இருந்தா வீட்டுக்குன்னு 30 வீதம் எடுக்கலாம். எடுக்கலாம்னேன், எடுன்னு சொல்லல. கிழவனான பிறகு என் கடையில ப்ளேன்டிக்குக் கடன் சொல்லக் கூடாது.

சரி, சல்லி சேந்திருச்சு. இப்பதான் லக்கல உன்னைப் பாத்துச் சிரிக்கும். 'நிலம் எங்க ஓடிப் போகப் போகுது'ன்னு கொழும்புல சொல்வானுங்க. இங்க வந்து சொல்லச் சொல்லு. பழைய பல்லேகம டவுன் இன்னைக்குக் களுகங்கைக் குளத்துக்கு அடியில. 2018ல தண்ணியைத் தேக்கினாங்க, 2019 ஜனவரியில லக்கலவுக்குப் புது டவுனைத் திறந்தாங்க. பழைய டவுன்ல மூலைக்கடை வாங்கினவனும் யாவாரம் ஓடும், பேரனுக்கு ஆகும்னு நினைச்சுத்தானே வாங்கினான்? மூலையே போயிருச்சு.

காணிக்காரன் காட்டின காகிதத்தை எடு பாப்போம். ஆங்... இது பெர்மிட். மேல அரச இலச்சினை, நடுவுல சிங்களத்துல பேரு, கீழ சீல். மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு டேப் ஒட்டியிருக்கான். இது உறுதி இல்ல மகனே. 1935 காணி அபிவிருத்திச் சட்டத்துல குடுத்த அரசாங்க நிலம், பயிர் செய், வீடு கட்டு, பிள்ளைக்குக் குடுன்னு. பிரதேச செயலாளர் சம்மதம் இல்லாம விக்க முடியாது. நொத்தாரிசு எழுதினாலும் செல்லாது, இதை அடகு வச்சு உனக்கு வங்கியும் கடன் தராது. உன் பதினொன்னேகால் லட்சத்தையும் வாங்கிக்கிட்டு அவன் இதே காகிதத்தை மடிச்சு உன் கையில வைப்பான். நீ குடியிருக்கலாம், ஆனா காகிதத்துல பேரு அவனோடது. அவன் மகன் வெளிநாட்டுல இருந்து வர்ற வரைக்கும்.

2024 பிப்ரவரியில இதே மாவட்டத்துல, தம்புள்ளையில, உறுமய திட்டத்தைத் தொடங்கி இந்த மாதிரி பெர்மிட்டை முழு உரிமை உறுதியா மாத்திக் குடுக்கிறோம்னாங்க. காணிக்காரன் மாத்தி வாங்கினானான்னு கேளு. வாங்கியிருந்தா உறுதியைக் காட்டட்டும், பேசலாம். 'வந்துக்கிட்டே இருக்கு'ன்னு சொன்னா நீயும் 'சல்லி வந்துக்கிட்டே இருக்கு'ன்னு சொல்லிட்டு வா.

எல்லையையும் பாரு. நக்கிள்ஸ் மலையில 5000 அடிக்கு மேல 1873லயே வெள்ளைக்காரன் ஒதுக்கிட்டான். 2000ல பாதுகாப்பு வனம் ஆச்சு, 2010ல உலக மரபுரிமை. ஏலக்காய் போட்டவனையே வெளிய போன்னாங்க, உன் வராந்தாவை விடுவாங்களா? எல்லைக்கல் எங்க இருக்குன்னு காணிக்காரனைக் கேக்காதே. கல்லுக்குக் கால் முளைக்கிற ஊர் இது. வன இலாகா ஆபீசுல கேளு.

மண்ணும் இருக்கு. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்போ மலைநாட்டுல எத்தனை மேடு வழுக்கி இறங்கிச்சுன்னு பாத்தியே. 'வியூ' நல்லா இருக்குன்னு நீ சொல்ற இடம் சரிவு நல்லா இருக்கிற இடம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல மண்சரிவு அறிக்கை எடுத்துட்டு அப்புறம் ரசி.

என்ன, முகம் வாடிப் போச்சு? வேண்டாம்னு சொல்லலடா. ரத்தோட்டை டவுனோரமா உறுதிக் காணி எட்டுப் பத்து பேர்ச்சஸ் கிடைக்கும். பனி இருக்காது, காத்து இருக்காது, படம் பிடிக்க ஒண்ணும் இருக்காது. ஆனா ஸ்கூல் டீச்சரும் நர்ஸ் பிள்ளையும் மாசா மாசம் வாடகை தருவாங்க. கூடாரக்காரன் வெயில் அடிச்சா வரமாட்டான்.

அதுவரைக்கும் கை அரிக்காம இருக்கணுமே. அதுக்கு ஒரு வழி இருக்கு. அடுத்த மாசம் லயத்துப் பொம்பளைங்க எல்லாம் சேந்து சீட்டு போடுறோம். இருவது பேர், ஆளுக்குப் பத்தாயிரம். கடைசிச் சீட்டை எடு. முதல்ல எடுக்கிறவன் கடன்காரன், கடைசியில எடுக்கிறவன்தான் சேத்தவன். வட்டி வராதுதான், ஆனா மாசம் பொறந்தா சீட்டுக் காசு வசூலிக்கிற சரஸ்வதி அக்கா உன் வீட்டு வாசல்ல வந்து நிப்பா, எந்த வங்கி மேனேஜரும் அப்படி நிக்க மாட்டான். உன் பேரை இருவதாவதா எழுதிட்டேன்.

முதல் சீட்டா? அது சீட்டுப் பிடிக்கிற ஆளுக்குப் போறது வழக்கம்டா. நான்தான் பிடிக்கிறேன். கடைக்குக் கூரைத் தகரம் மாத்தணும்.