கோடு போடப் போற பேரனுக்குக் கெழவன் சொல்லுத புத்தி

ஏலே பேராண்டி, இங்க வா. பாத்துக்கிட்டிருந்த வேலைய விட்டுட்டு அரசியல் கார்ட்டூன் போடப் போறியாமே? ஒங்க அம்மை நேத்து வந்து, "மாமா, நீங்களாவது அவனுக்குப் புத்தி சொல்லுங்க"ன்னு மூக்கைச் சிந்திட்டுப் போனா. மருமவ கையால சாப்பிடுதவன் நான், அவ சொல்லத் தட்ட முடியுமா? சொல்லுதேன், காதக் குடு.

யாரையும் சாடை தெரியுத மாதிரி வரஞ்சிராத. பேரும் போடாத. நீள மூக்கனுக்குச் சப்பை மூக்கு வையி, வழுக்கைக்கு முடி நட்டு வையி. பெரிய மனுசங்க சந்தோசப்படுவாவ. ஆனா இதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு கேட்டியா. 1987 மார்ச்சுல ஆனந்த விகடன் அட்டையில ஒரு சிரிப்புப் படம் வந்துச்சு. மேடையில ரெண்டு பேரு. இதுல யாரு எம்.எல்.ஏ., யாரு மந்திரின்னு ஒருத்தன் கேக்கான். ஜேப்படிக்காரன் கணக்கா இருக்கவரு எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரன் கணக்கா இருக்கவரு மந்திரின்னு மத்தவன் சொல்லுதான். யாரு பேரும் அதுல கிடையாது. சட்டசபையே திரண்டு எந்திரிச்சி, அது நாங்கதான்னு ஒத்துக்கிட்டுது!

அப்பம் சபாநாயகரு நம்ம சேரன்மாதேவித் தொகுதிக்காரரு, பி.எச்.பாண்டியன். சபாநாயகருக்கு வானளாவிய அதிகாரம் உண்டுன்னு பேசுன ஆளு. ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேக்க மாட்டேன்னுட்டாரு. மூணு மாசம் கடுங்காவல்னு சொல்லி உள்ள தள்ளிட்டாவ. ஊரெல்லாம் சத்தம் போட்டதும் அந்த மூணு மாசம் ரெண்டு மூணு நாளா சுருங்கிப் போச்சு. மனுசன் வெளிய வந்தாவது சும்மா இருந்தாரா? ஐகோர்ட்டுக்குப் போனாரு, செயிச்சாரு. நஷ்டஈடு ஆயிரம் ரூவா. அதயும் செலவழிக்காம சட்டம் போட்டு ஆபீசுல மாட்டிக்கிட்டாரு. பொழைக்கத் தெரியாதவரு. ஒனக்கு அப்படி எதுவும் வந்தா அம்மைகிட்ட குடுத்துரு, ரேசன் கடைக்காவது ஆவும்.

சரி, மந்திரி வேண்டாம், கண்ணுக்கு முன்னால நடக்கத வரைவோம்னு நெனைப்ப. அது இன்னும் மோசம்லா. 2017 அக்டோபர் 23, நம்ம கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசு. கந்துவட்டிக் கொடுமைன்னு மனு மேல மனு குடுத்துப் பாத்த குடும்பம் ஒண்ணு, ரெண்டு பச்சப் புள்ளைகளோட தீக்குளிச்சிட்டு. நாலு உசுரும் போச்சு. கார்ட்டூனிஸ்ட் பாலா அத ஒரு படமா போட்டாரு. கொழந்த எரியுது. முதலமைச்சரு, கலெக்டரு, போலீஸ் கமிஷனரு மூணு பேரும் அம்மணமா, ரூவா நோட்ட வச்சி மானத்த மறைச்சிக்கிட்டு நிக்காவ. அதப் பாத்து ஒருத்தனும் சிரிக்கல. கார்ட்டூன்னா சிரிப்புன்னு ஒனக்கு எவனாவது காசு வாங்கிக்கிட்டுச் சொல்லிக் குடுத்திருந்தா, காசத் திருப்பி வாங்கிரு.

மனுவுக்கு நடக்காத காலு படத்துக்கு ஓடிச்சி. கலெக்டர் புகாரு மேல நவம்பர் 5-ஆம் தேதி சென்னைக்கே போயி ஆள அள்ளிட்டு வந்துட்டாவ. அவதூறு ஒரு பிரிவு, ஆபாசம் ஒரு பிரிவு. புள்ளைக வெந்தது அசிங்கமாப் படல, அதிகாரிக்குத் துணியில்லாதது அசிங்கமாப் போச்சு. மறுநாளே ஜாமீன் கெடச்சிட்டு. அதுக்குள்ள அந்தப் படம் ஏறாத செல்போன் கிடையாது. அந்த வெளம்பரத்துக்குச் சர்க்காரு ஒரு பைசா கேக்கல, அதையும் சொல்லணும்லா.

வரஞ்சாத்தான வம்பு, அடுத்தவன் வரஞ்சத அனுப்புவோம்னும் நெனைக்காத. கொல்கத்தாவுல அம்பிகேஷ் மகாபாத்ரான்னு ஒரு பேராசிரியரு. மம்தா பானர்ஜியப் பத்துன கார்ட்டூன 2012-ல இமெயில்ல அனுப்புனாருன்னு புடிச்சிட்டாவ. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ. அந்தப் பிரிவே செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2015-ல தூக்கி எறிஞ்சிட்டு. ஆனா அவரு முழுசா விடுபட்டது 2023 சனவரியிலதான். பிரிவு செத்த பெறவும் வழக்கு மட்டும் நடந்துக்கிட்டே இருந்திருக்கு பாரு. தீர்ப்புலதான் தண்டனைன்னு நெனைச்சிட்டிருக்கியோ? தீர்ப்பு வரைக்கும் நடக்குத நடைதாம்லே தண்டனை.

நேருவ மாதிரி ஒருத்தர் வந்தா நல்லாருக்கும்பாவ. 1948-ல கார்ட்டூனிஸ்ட் சங்கர் 'சங்கர்ஸ் வீக்லி'ன்னு பத்திரிகை தொடங்கும்போது, என்னையும் விட்டுராதீருன்னு அவருகிட்ட சொன்னவராம். சரிதான். ஆனா மெட்ராஸ் சர்க்காரு கிராஸ் ரோட்ஸ்ங்கிற பத்திரிகைய உள்ள விடாம தடுத்து, 1950-ல சுப்ரீம் கோர்ட்டுல தோத்துச்சு. அடுத்த வருசமே அரசியல் சட்டத்துக்கு மொத திருத்தம் வந்து பேச்சுரிமைக்கு வேலிய இறுக்கிட்டு. அதுவும் நேரு ஆட்சிதான். அதனால நல்லவன் ஆட்சிக்கு வருவான்னு பென்சில சீவாம காத்திருக்காத.

இப்பம் எல்லாம் சுளுவாயிட்டு. 2025 பிப்ரவரியில அமெரிக்காக்காரன் நம்மாளுகள வெலங்கு மாட்டிப் பிளேன்ல திருப்பி அனுப்புனான். டிரம்ப் பக்கத்துல பிரதமரே வெலங்கோட உக்காந்திருக்க மாதிரி விகடன்காரங்க படம் போட்டாவ. அவங்க வலைத்தளமே தெறக்காமப் போச்சு. அந்தப் படத்த எடுத்துட்டுத் தளத்த நடத்துன்னு மார்ச்சுல ஐகோர்ட்டு சொல்லிட்டு. 1987-ல ஒருத்தர உள்ள தள்ள போலீசும் வேனும் வேண்டியிருந்துச்சு. இப்பம் பொத்தான் போதும்.

இத்தனையும் கேட்டுப் பயந்துட்டேன்னா ஒனக்கு ஒரு கொறையும் வராது. தன் கொடுக்கத் தானே நறுக்கிக்கிட்ட தேளு மாதிரி நூறு வருசம் இருக்கலாம். கல்யாணப் பத்திரிகைக்குப் பிள்ளையார் வரையலாம். அதுலயும் தும்பிக்கை எந்தப் பக்கம்னு நாலு பேரு சண்டைக்கு வருவான், பாத்துக்கோ.

இல்ல தாத்தா, வரஞ்சே தீருவேன்னா, இந்தா கேட்டுக்கோ. இத ஒங்க அம்மைகிட்ட சொல்லாத.

ஒரு படத்துல ஒரே சேதி. பெட்டியில 'லஞ்சம்', ஆட்டுக்குட்டி முதுகுல 'பொதுசனம்'னு எழுதி ஒட்டாத. நம்ம எட்டயபுரத்துப் பாரதி 'இந்தியா' பத்திரிகையில கருத்துப்படம் போட்ட காலத்துல, சனங்களுக்கு அது புதுசு, வெளக்கமும் சேத்து எழுத வேண்டியிருந்துச்சு. அது ஆயிட்டு நூறு வருசத்துக்கு மேல. மேல இருக்கவன வரை. கீழ கெடக்கவனோட கந்தலையும் கறுப்பையும் வரஞ்சி சிரிப்புக் காட்டாத. அதுக்கு ஒம்மேல ஒருத்தனும் கேசு போட மாட்டான். அத வச்சே அது கேவலம்னு தெரிஞ்சிக்கோ.

நீ ஊராட்சித் தலைவர வரஞ்சிருந்தத ஒன் நோட்டுல பாத்தேன். தொப்பையப் போட்டு நேரத்த வீணாக்கிருக்க. தோள்ல கெடக்க துண்டுக்கு ரெண்டு கோடு சேரு, அதுலதான் ஆளே இருக்காரு. ஒன் கையெழுத்த மட்டும் தெளிவா போடு, ஊரு பேரோட. போலீசுக்காரன் வீடு தெரியாம அலைஞ்சி, மத்தியானம் தூங்குத என்னத் திண்ணையில வந்து எழுப்பக் கூடாது, ஆமா.