ஏழு சீட்டு, ரெண்டு பெடல்

குடும்பத்தோடு கிளம்பியவனை எந்தக் காலத்திலும் ஊர் வீரன் என்று சொன்னதில்லை. குதிரை, ரதம், புல்லட் எல்லாம் தனியாகப் போகிறவனுக்குத்தான் எடுப்பு. மாமனார், மாமியார், பிள்ளைகள், டிபன் கேரியர் சகிதம் போகிறவன் வெறும் டிரைவர். அதிலும் கியர் போடாமல் ஓட்டுகிறான் என்றால் அந்த மரியாதையும் போச்சு. நான் வைத்திருப்பது ஏழு சீட்டு ஆட்டோமேட்டிக். இரண்டு அவமானங்களையும் ஒரே இ.எம்.ஐ.யில் வாங்கியவன் என்ற முறையில், இந்த வண்டியின் பூர்வீகத்தை நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் கியர் சமாச்சாரம். ஏர்ல் தாம்சன் என்று ஒரு அமெரிக்க இன்ஜினியர். கியர் மாற்றும்போது கேட்கிற நறநற சத்தம் பொறுக்காமல் சிங்க்ரோமெஷ்ஷைக் கண்டுபிடித்தார். 1920-களின் கடைசியில் காடிலாக் கார்களில் அது வந்தது. அதோடு விட்டாரா? 'அந்தக் கண்றாவியை நாம் ஏன் மாற்ற வேண்டும், அதுவே மாறிக்கொள்ளட்டுமே' என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு கோஷ்டியோடு உட்கார்ந்தார். பிறந்தது ஹைட்ராமேட்டிக். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் அது வந்தபோது கிளட்ச் பெடலே காணோம். நாலு கியர், தானாக மாறும். ஓடுவதைப் பற்றி இவ்வளவு யோசித்த மகான்கள் நிற்பதைப் பற்றி யோசிக்கவில்லை. இன்று நாம் வண்டியை நிறுத்தும்போது போடுகிற 'பி' அதில் கிடையாது. இன்ஜினை அணைத்து, ரிவர்ஸில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சோம்பேறி வண்டி என்று சிரித்தவர்கள் வாயை அடைத்தது இரண்டாம் உலகப் போர். எம்5 ஸ்டுவர்ட் டாங்கியில் இரண்டு காடிலாக் வி8 இன்ஜின்கள், அவற்றுக்கு இரண்டு ஹைட்ராமேட்டிக். தலைக்கு மேல் குண்டு பறக்கும்போது எவன் கிளட்சைத் தேடிக்கொண்டிருப்பான்? சண்டை முடிந்ததும், போர்க்களத்திலேயே சோதித்த சரக்கு என்று விளம்பரம் போட்டு விற்றார்கள். ஜென்ம வைரியான ஃபோர்டு கம்பெனிகூட தன் லிங்கன் கார்களுக்கு இதைத்தான் விலைக்கு வாங்கியது. ரோல்ஸ் ராய்ஸ் லைசென்ஸ் வாங்கித் தானே செய்துகொண்டது. ஆகவே கியர் போடத் தெரியாதவன் என்று என்னைக் கிண்டல் பண்ணுகிறவர்கள், டாங்கிப் படையையும் இங்கிலாந்துப் பிரபுக்களையும் சேர்த்தே பண்ணுகிறார்கள்.

1953 ஆகஸ்ட் 12 அன்று மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ராமேட்டிக் தொழிற்சாலையில் தீப்பொறி ஒன்று தெறித்தது. மொத்தத் தொழிற்சாலையும் சாம்பல். காடிலாக்கும் ஓல்ட்ஸ்மொபைலும் பங்காளி பியூக்கிடம் போய் நின்று, அதன் டைனாஃப்ளோ ஆட்டோமேட்டிக்கைக் கைமாற்றாக வாங்கி மாட்டிக்கொண்டு வியாபாரத்தை ஓட்டின. சீமான் வீட்டுக் கல்யாணத்திலும் பந்திப்பாய் இரவல்தான்.

ஹாலந்தில் 1958-ல் டாஃப் கம்பெனி ரப்பர் பெல்ட்டை வைத்தே ஒரு ஆட்டோமேட்டிக் காரைக் காட்டியது. இதில் ஒரு கூத்து: முன்னால் எவ்வளவு வேகமோ, பின்னாலும் அவ்வளவு வேகம் போகும். மனிதன் சும்மா இருப்பானா? ரிவர்ஸ் ரேஸே விட்டார்கள். அப்படியும் அது பாட்டிமார் வண்டி என்ற பெயரிலிருந்து தப்பவில்லை. நம் ஊருக்கு அதே பெல்ட் சங்கதி 1980-களில் கைனெடிக் ஹோண்டா ஸ்கூட்டராக வந்து இறங்கியபோது, 'லேடீஸ் வண்டி' என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மாமாக்கள் எத்தனையோ பேர். இன்று அதே மாமாக்கள் ஆக்டிவாவின் கால் வைக்கும் இடத்தில் அரிசி மூட்டையை நிறுத்திவைத்து ஓட்டுகிறார்கள்.

இனி சீட்டு சமாச்சாரம். 1956-ல் ஃபியட், மூன்றரை மீட்டர் நீளத்தில் ஆறு பேரை அடைத்து 600 மல்டிப்ளா என்று ஒன்றை விட்டது. இன்ஜின் 633 சிசி, அதுவும் பின்னால். முன்னால் டிரைவரின் முட்டிக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் இருந்தவை ஒரு தகடும் ஆண்டவனும்தான்.

ஃபோர்டில் ஹால் ஸ்பெர்லிக் என்பவர், சின்னதாக ஒரு குடும்ப வேன் செய்யலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முதலாளி இரண்டாம் ஹென்றி ஃபோர்டுக்கு அது பிடிக்கவில்லை, ஆளையும் பிடிக்கவில்லை. ஸ்பெர்லிக்கை அனுப்பினார். 1978-ல் லீ அயகோக்காவையும் அனுப்பினார். இருவரும் போய்ச் சேர்ந்த கிரைஸ்லர் அப்போது அரசாங்கம் ஜாமீன் போட்டால்தான் கடன் கிடைக்கும் என்கிற நிலையில் இருந்தது. 1984 மாடலாக அங்கே மினிவேன் வந்தது. முன்சக்கர இழுவை, தள்ளு கதவு, கேட்டால் மூன்று கியர் ஆட்டோமேட்டிக். கம்பெனி பிழைத்துக்கொண்டது. என் வண்டிக்கு ஜாதகம் கணித்த இடம் அதுதான்.

பிரான்சில் இன்னும் வேடிக்கை. ஏவுகணை செய்கிற மாத்ரா கம்பெனிக்குக் குடும்ப வண்டி செய்யும் ஆசை வந்தது. பெஜோ வேண்டாம் என்று தள்ளிவிட, ரெனோ எடுத்துக்கொண்டு 1984-ல் எஸ்பாஸ் என்று இறக்கியது. முதல் மாதம் விற்றது ஒன்பதே ஒன்பது. பின்னால் சக்கைப்போடு போட்டது வேறு கதை.

நம் நாட்டில் 2001-ல் மாருதி, வெர்சாவை விற்க அமிதாப், அபிஷேக் என்று அப்பனையும் மகனையும் கூட்டிவந்தது. ஜனங்கள் விளம்பரத்தை ரசித்தார்கள், வண்டியை வாங்கவில்லை. அதே கூட்டைச் சிக்கனமாக்கி 2010-ல் ஈக்கோ என்று பெயர் வைத்ததும் பிய்த்துக்கொண்டு போனது.

ஆனால் என் முட்டி இன்று முன்சீட்டில் இடிப்பதற்குக் காரணம் அமிதாப் இல்லை, சிவகங்கைக்காரர். 2006 பட்ஜெட்டில் ப.சிதம்பரம், நாலு மீட்டருக்குள் இருக்கிற, இன்ஜினும் சிறியதான கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார். அன்றிலிருந்து கம்பெனிக்காரன் எல்லாம் டேப்பும் கையுமாக அலைகிறான். 2019-ல் ஒரகடத்திலிருந்து வந்த டிரைபர் கார் 3,990 மில்லிமீட்டர், அதற்குள் ஏழு பேர். மூன்றாவது வரிசையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம் என்பது அதன் சிறப்பு. சில சமயம் அதில் உட்கார வேண்டியவரையும்.

ஆட்டோமேட்டிக் மோகத்துக்கும் மலிவாக ஒரு வழி பிறந்தது. 2014 செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. பெட்டி பழைய கியர் பெட்டிதான். கிளட்சை மிதிக்கவும் கியரைத் தள்ளவும் ஒரு மெஷினை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. ஒவ்வொரு கியர் மாறும்போதும் அது ஒரு கணம் யோசிக்கும். உள்ளே இருக்கிற ஏழு பேரும் கச்சேரி கேட்பது போலத் தலையாட்டுவார்கள்.

முப்பது வருஷம் அம்பாசடர் ஓட்டிய எங்கள் சித்தப்பா, "குடுடா, நான் பாக்கறேன்" என்று ஒருநாள் உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போயிற்று. முன்னால் பஸ் நின்றதும் பழக்கதோஷத்தில் இடது கால் கிளட்சைத் தேடி முழு பலத்தோடு இறங்கியது. அங்கே இருந்தது பிரேக் பெடலின் அகலமான ஓரம். வண்டி அப்படியே அறைந்தாற்போல் நின்றது. அத்தை மடியிலிருந்த முறுக்கு டின் டேஷ்போர்டில் வந்து திறந்துகொண்டது. "என்னடா வண்டி இது, மனுஷனுக்கு மதிப்பே இல்லாம" என்று இறங்கிப் பின்சீட்டுக்குப் போனவர், வீடு வருகிற வரைக்கும் இடது காலைத் தரையில் அமுக்கிக்கொண்டேதான் இருந்தார்.

நீங்களும் வாங்கப் போகிறீர்களா? தாராளமாக வாங்குங்கள், டவுன் டிராஃபிக்கில் இதைவிடச் சுகம் இல்லை. ஷோரூமுக்குப் போகும்போது மட்டும் குடும்பத்திலேயே உயரமானவரைக் கூட்டிப்போய் மூன்றாவது வரிசையில் அரைமணி நேரம் உட்காரவையுங்கள். அவர் இறங்கி என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கட்டுங்கள்.