மூன்றடி ரசிகர்

கம்பராமாயணத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் பதினொன்றை மட்டும் கைவசம் வைத்துக்கொண்டு, கம்பனிலேயே ஊறித் திளைத்தவர் என்ற கீர்த்தியோடு ஒரு மனிதர் இருபது வருஷ காலம் ஜில்லா முழுவதும் உலவி வர முடியும் என்பதை, என் நண்பரைக் காணும் வரையில் நான் நம்பியிருக்கமாட்டேன். அந்தப் பதினொன்றிலும் அவர் நாலாவது அடி வரையில் போனதே இல்லை என்பது நான் வெகு காலம் கழித்துக் கண்டுபிடித்த ரகசியம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாம் என்று நான் மனையில் உட்காரும் சமயம் பார்த்து வாசலில் ஒரு கனைப்புக் கேட்கும். அந்தக் கனைப்பே ஒரு பாயிரம். ஊஞ்சலில் அமர்ந்து, அங்கவஸ்திரத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு (அது பிற்பாடு கண்ணீருக்கு வேண்டியிருக்கும்), கண்களை மூடி, முகாரியில் ஓர் இழுப்பு இழுப்பார். அவருக்குத் தெரிந்த ராகம் அது ஒன்றுதான். தசரதன் உயிர் விடும் கட்டத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது, ஆனால் மிதிலையில் இராமனும் சீதையும் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் கட்டத்தையும் அவர் அதே ராகத்தில் பாடிய அன்று, பக்கத்து வீட்டுக்காரர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்று மெல்லிய குரலில் விசாரித்தார்.

முதல் அடி நிதானமாக வரும். இரண்டாம் அடியில் குரல் தழுதழுக்கும். மூன்றாம் அடியின் நடுவில், கரை உடைந்த ஏரியைப் போல் உணர்ச்சி பிரவாகம் எடுத்துவிடும், உதடு துடிக்கும், தலை இருபுறமும் ஆடும், "ஆகா, என்ன சொல்லிவிட்டான் பாவி!" என்ற வார்த்தைகள் மட்டும் வெளிவரும். கம்பன் என்ன சொன்னான் என்பது வெளிவராது. கேட்டுக்கொண்டிருப்பவர்களோ, இவ்வளவு உருகும் மனிதரிடம் போய் மிச்சத்தையும் சொல்லுங்கள் என்று கேட்பது ஈவிரக்கமில்லாத காரியம் என்று வாளாவிருந்துவிடுவார்கள். விருத்தத்தின் நான்கு அடிகளிலும் இரண்டாம் எழுத்து எதுகையாக ஒன்றி வருவது ஞாபகசக்தி குறைந்தவர்களுக்குப் பெரிய உபகாரம் என்பார்கள். நண்பர் விஷயத்தில் அந்த உபகாரமும் பலிக்கவில்லை. மூன்றடி மண் கேட்டு வந்த வாமனருக்கு மாவலியின் தலை அகப்பட்டது. இவருடைய மூன்றடிக்கு என் ஞாயிற்றுக்கிழமைகளும், ஒரு தடவைக்கு இரண்டு தம்ளர் வீதம் காப்பியும் அகப்பட்டன.

இதற்கெல்லாம் அவர் காட்டும் பிரமாணம் ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் ரசிகமணியின் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' என்ற இலக்கிய அன்பர்கள் கூட்டத்தில், பாட்டு என்பது பதவுரை சொல்லிப் பிரித்துப் போடுவதற்கு அல்ல, பாடிப் பாடி அநுபவிப்பதற்கு என்று ஒரு தலைமுறைக்கே காது திறந்துவிட்டார்கள். ரசிகமணி ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் பாவம் கேட்பவர் நெஞ்சில் இறங்கிய பிறகே அடுத்த சொல்லுக்குப் போவார் என்று கேட்டவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நண்பரும் திரும்பத் திரும்பத்தான் சொல்லுகிறார், அடுத்த சொல் வரவேண்டுமே என்ற கவலையில்.

ரசிகமணி செய்த இன்னொரு காரியமும் நண்பருக்கு மகா சௌகரியமாகப் போயிற்று. கம்பன் பெயரால் வழங்கும் பாடல்களில் ஏராளமானவற்றை அவர் இடைச்செருகல் என்று ஒதுக்கி, பண்டிதர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். அந்தத் துணிவுக்குப் பின்னால் ஓர் ஆயுட்கால ரசனை இருந்தது. முடிவு சரியோ தப்போ, அதைச் சொல்லும் பாத்தியதை அவருக்கு உண்டு. நண்பரோ அந்த வாளை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டார். கும்பகருணன் பேசுகிற பாட்டு ஒன்றை யாராவது எடுத்தால், ஒரு கணம் புருவத்தை நெரித்துவிட்டு, "அது இடைச்செருகல், ஐயா! கம்பன் வாக்கே அல்ல" என்று தீர்த்துவிடுவார். இந்தக் கணக்கில் கம்பன் பாடியவை பதினொன்றாகச் சுருங்கிப் போனதைப் பற்றி அவருக்கு வருத்தம் இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையின் மகன் வந்திருந்தான். ஏழாம் வகுப்பு. அன்று நண்பர் எடுத்துக்கொண்டது, குகன் தேனும் மீனும் கொண்டுவந்து இராமன் முன் நிற்கும் கட்டம். தேனுக்கு என் காப்பித் தம்ளரையும் மீனுக்கு மடித்த விசிறியையும் ஏந்திக்கொண்டு, மூன்றாம் அடியில் வழக்கம்போலத் தத்தளித்து, அங்கவஸ்திரத்தைத் தேடினார். பையனுக்கு அது பாடப் புத்தகத்தில் இருந்த பாட்டு. பாவம், பெரியவர் மறந்துபோய்த் தவிக்கிறார் என்று இரக்கப்பட்டு, மூன்றாம் அடியின் பாக்கியையும் நாலாம் அடியையும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற வேகத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

ஊஞ்சல் நின்றது. நண்பர் கண்ணைத் திறந்து, ஈரமே இல்லாத அந்தக் கண்களால் பையனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இதையெல்லாம் யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

"எங்கள் தமிழ் வாத்தியார், மாமா."

"அவரிடம் போய்ச் சொல்லு. அந்த நாலாவது அடி இடைச்செருகல்."