விழுங்கினால் போதுமா?

கே: டி.பி. கிருமியை வெள்ளையணு விழுங்கிவிடுமாமே, பிறகு வியாதி எங்கிருந்து வருகிறது?

ப: விழுங்கிய இடத்திலிருந்துதான்! நுரையீரலின் காற்றுப்பைகளில் காவல் நிற்கும் மேக்ரோபேஜ் என்ற செல், கிருமியைக் கண்டதும் விழுங்கிவிடும். அடுத்து அமிலமும் நொதிகளும் வந்து அதைக் கரைக்க வேண்டும். காசநோய்க் கிருமி அவற்றை வரவிடாமல் தடுத்துவிடுகிறது. தன்னைத் தின்ன வந்தவன் வீட்டிலேயே குடியேறி, சுமார் 20 மணி நேரத்துக்கு ஒருமுறை சாவகாசமாக இரண்டாகப் பெருகுகிறது. உதவிக்கு வர வேண்டிய டி செல்களுக்குத் தகவல் எட்டி, அவை பெருகி வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். வந்ததும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும். அதன் பிறகுதான் மேக்ரோபேஜுக்குக் கிருமியைக் கொல்லும் வீரியம் வருகிறது. இரண்டும் சேர்ந்து கிருமியைச் சுற்றி வளைக்கும் சிறு கட்டிக்கு கிரானுலோமா என்று பெயர். தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு விவகாரம் அதோடு சரி. 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக வெடிக்கிறது.

கே: அப்படியானால் எதிர்ப்புச் சக்தியை ஏற்றிக்கொண்டே போகலாமே?

ப: வேண்டவே வேண்டாம். நுரையீரலில் குழி விழுவதற்குப் பெரும்பங்கு காரணம் நம் செல்கள் கொட்டும் நொதிகள்தான். அந்தக் குழி மூச்சுக்குழாயைத் தொட்டதும் ஒவ்வோர் இருமலிலும் கிருமி வெளியே வருகிறது. சண்டைக்கு ஓர் அளவு உண்டு. கடையில் விற்கும் எந்தப் பொடிக்கும் அந்த அளவு தெரியாது.

கே: மூட்டுவாத ஊசிக்குப் போனால் நெஞ்சு எக்ஸ்ரே கேட்கிறார்களே, வழி தவறி வந்துவிட்டேனா?

ப: சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். அந்த ஊசிகளில் சில, டி.என்.எஃப். என்ற பொருளை முடக்குபவை. கிரானுலோமா குலையாமல் நிற்பதே அந்த டி.என்.எஃப்.ஆல்தான்; அதை முடக்கினால் உள்ளே அடைபட்ட கிருமி வெளியேறலாம். எக்ஸ்ரேயை எடுத்துவிடுங்கள்.

கே: டி.பி. சோதனைக்குக் கையில் போட்ட மாண்டூ ஊசி வீங்கவில்லை. தப்பித்தேனா?

ப: அவசரப்படாதீர்கள். அந்த ஊசியில் இருப்பது, 1890-இல் ராபர்ட் காக் காசநோய்க்கு மருந்தென்று அறிவித்துப் பலிக்காமல் போன டியூபர்குலினின் வழித்தோன்றல். டி செல்களுக்குக் கிருமியின் நினைவு இருக்கிறதா என்று மட்டுமே அது சொல்லும். எச்.ஐ.வி.யாலோ பட்டினியாலோ டி செல்கள் சோர்ந்த உடம்பில், நோய் முற்றியிருந்தாலும் வீங்காமல் போகலாம். இரண்டு வாரம் தாண்டியும் இருமினால் சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள்.

கே: மாத்திரை இலவசம். வீட்டில் மற்றவர்களுக்கு என்ன கொடுப்பது?

ப: சாப்பாடு! ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், நோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிக்கு அரசு தரும் மாதம் 1,000 ரூபாயில் வாங்கும் முட்டை குழந்தைகள் தட்டுக்குத்தான் முதலில் போகும். எந்தத் தாயும் அப்படித்தான் செய்வாள். வீட்டாருக்கும் சேர்த்து ரேஷன் கொடுங்கள் என்று நான் கேட்பது அதனால்தான்.