ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஒரு கட்டபொம்மன்

கொங்குநாட்டில் சிவாஜி ரசிகராக இருப்பதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். அந்தியூரில் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். டீக்கடைச் சுவர், சலூன் கண்ணாடி, ஆட்டோவின் முதுகு என்று திரும்பின பக்கமெல்லாம் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் சிரிக்கிற ஊர்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். எம்.ஜி.ஆர். ரசிகரிடம் தலைவர் பேச்சை எடுத்தால் முகம் மலரும். சிவாஜி ரசிகரிடம் எடுத்தால் நெற்றி நரம்பு புடைக்கும். நாம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். இருந்தாலும் எதிர்க்கட்சி வக்கீலைப் பார்ப்பதுபோல நம்மைப் பார்த்துவிட்டு, வாதத்தைத் தொடங்கிவிடுவார்.

என் பெரிய மாமன் அப்படிப்பட்டவர். தொழில் வெற்றிலை வியாபாரம். நூறு வெற்றிலை ஒரு கட்டு என்று எண்ணி எண்ணிப் பழகிய விரல்கள், படம் ஓடிய நாளையும் அப்படியே எண்ணும். நூறு நாள் ஓடியது ராசி வெற்றிலை. ஐம்பது நாள் பீடா வெற்றிலை. ஓடாத படம்?

"அது செங்காம்பு மாப்ள. காரம் சாஸ்தி. தின்னத் தெரியாதவன் வெலையக் கொறச்சுப்போட்டான்."

1964-ல் வந்த 'கர்ணன்' 48 வருஷம் கழித்து, 2012-ல், புதுப் பிரதியாக வந்து மறுபடியும் நூறு நாளைத் தாண்டியதே, அந்த வருஷம் மாமனைக் கையில் பிடிக்க முடியவில்லை. சந்தையில் வெற்றிலை விலை சரிந்ததைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வீட்டில்தான் வில்லங்கம். அத்தை எம்.ஜி.ஆர். கட்சி. நாலு தலைமுறைக் கொடுக்கல் வாங்கலை விசாரித்துப் பெண்ணெடுத்தவர்கள் இந்த ஒன்றை விசாரிக்காமல் விட்டுவிட்டார்கள். ரசத்தில் உப்பு குறைந்தாலும் பேச்சு கடைசியில் விருதில்தான் வந்து நிற்கும். அத்தையின் துருப்புச்சீட்டு 'ரிக்‌ஷாக்காரன்'. "எங்காளுக்கு இந்தியாவுலயே பெரிய நடிகன்னு டெல்லியில பட்டங் குடுத்தாங்கொ. உங்காளுக்கு அதக் குடுத்தாங்ளா?" சிறந்த நடிகருக்கான தேசிய விருது சிவாஜிக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை என்பது மாமனின் உடம்பில் தைத்த முள். அவர் உடனே 1960-க்கும் கெய்ரோவுக்கும் பறப்பார். ஆசிய ஆப்பிரிக்கப் படவிழா, கட்டபொம்மன், சிறந்த நடிகர். அப்புறம் பிரான்ஸின் செவாலியே. டெல்லியை மட்டும் சுற்றிக்கொண்டு உலகம் முழுக்கப் போவார். அத்தை அதற்குள் அடுப்பை அணைத்துவிட்டு டி.வி. போட்டிருப்பாள்.

மாமனுக்கு வருஷத்தில் இரண்டு நோம்பி. ஒன்று ஆடியில் குருநாதசாமி கோயில் தேர். இன்னொன்று அக்டோபர் 1, சிவாஜி பிறந்தநாள். முதலாவதில் குதிரைச் சந்தை நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவதற்குச் சென்னைக்கு ரயில் டிக்கெட் போட்டாகிவிடும். போன தடவை துணைக்கு நான்.

செப்டம்பர் 30 சாயங்காலம் பஸ் ஏறினோம். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வாழைமட்டையில் சுற்றிய ஐந்து கட்டு ராசி வெற்றிலை. கண்டக்டர் டிக்கெட் என்றதும், ஜாக்சன் துரை வரி கேட்டதுபோல மாமன் புருவத்தை உயர்த்தி ஒரு பார்வை பார்த்தார். கண்டக்டரும் அந்தியூர்க்காரர்தான். "மாமா, சில்லறையா குடுங்," என்றார். கட்டபொம்மன் சில்லறையாகக் கொடுத்தார்.

பவானி தாண்டும்போதே அடுத்த வாதம். வி.சி. கணேசனுக்குச் சிவாஜி என்று பேர் வைத்தது யார்? பெரியார். பெரியாருக்கு எந்த ஊர்? ஈரோடு. "அப்ப அவரு யாரூர்க்காரரு? சொல்லு." விழுப்புரத்தில் பிறந்தவரை இரண்டே கேள்வியில் கொங்குநாட்டுக்கு இழுத்துப் போட்டுவிட்டார். ஏற்காடு எக்ஸ்பிரஸில் எதிர் பெர்த் பையன் தெரியாத்தனமாக "படையப்பாவுல அப்பாவா வருவாரே, அவருங்களா?" என்று கேட்டுவிட்டான். பாவம், சேலம் வரும்வரை அவனுக்குத் தூக்கமில்லை. 'நவராத்திரி'யின் ஒன்பது வேஷத்தையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே மாமன் நடித்துக் காட்டினார். ஏழாவதில் டி.டி.ஆர். வந்து விளக்கை அணைக்கச் சொன்னதால் மீதி இரண்டும் இருட்டில் நடந்தன.

முன்பெல்லாம் மாமன் கடற்கரைச் சாலையிலிருந்த சிவாஜி சிலைக்குத்தான் மாலை போடுவாராம். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று கோர்ட்டுக்குப் போய், 2017 ஆகஸ்டில் அதை எடுத்துவிட்டார்கள். "அவரு நின்னாருன்னா வண்டி நிக்கத்தான் செய்யும். அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு?" என்பார். அந்த அக்டோபர் 1-ல்தான் அடையாறில் மணிமண்டபம் திறந்தார்கள். சிலை இப்போது அங்கே.

மண்டபத்து வாசலில் மாமனைப்போல நூறு மாமன்கள். எல்லாம் வெள்ளைச் சட்டை, எல்லாம் புடைத்த நெற்றி. மதுரையிலிருந்து வந்த ஒருவர் லேமினேட் செய்த பழைய பேப்பர் விளம்பரங்களைத் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். அமைச்சர்கள் மலர்தூவிப் போனதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 'வசந்த மாளிகை' மதுரையில் ஓடிய நாள் எத்தனை என்பதில் மதுரைக்காரருக்கும் மாமனுக்கும் தகராறு முற்றியிருந்தது. இதில் வேடிக்கை, இரண்டு பேருமே கூட்டித்தான் சொன்னார்கள். யார் அதிகமாகக் கூட்டினார் என்பதுதான் சண்டை. கடைசியில் மாமன் வாழைமட்டையைப் பிரித்து ஒரு கட்டை நீட்டினார். மதுரைக்காரர் காம்பைக் கிள்ளிக்கொண்டே பத்து நாளை விட்டுக்கொடுத்தார்.

வெளியே வந்து துர்காபாய் தேஷ்முக் சாலையில் பஸ்ஸுக்கு நடந்தோம். கொஞ்ச தூரத்தில் மாமன் நின்றுவிட்டார். எதிரே போர்டு: டாக்டர் எம்.ஜி.ஆர். ஜானகி மகளிர் கல்லூரி. முன்பு எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டுடியோ இருந்த இடம். இருவரும் சேர்ந்து நடித்தது 1954-ல் 'கூண்டுக்கிளி' ஒன்றில்தான். அதற்குப் பிறகு இந்தத் தெருவில்தான் இப்படி அடுத்தடுத்து இருக்கிறார்கள்.

நெற்றி நரம்பு புடைக்குமென்று காத்திருந்தேன். மாமன் அக்கம்பக்கம் பார்த்தார். மதுரைக்காரர் பின்னால் வருகிறாரா என்று ஒருமுறை திரும்பியும் பார்த்துக்கொண்டார்.

"மாப்ள, உன்ற போனுல ஒரு போட்டோ எடு. போர்டு முழுசா உழுகோணும்."

"எதுக்குங் மாமா?"

"உங்கத்தைக்குக் காட்டோணுமல்லொ."

எடுத்தேன். வாங்கி, விரலால் பெரிதாக்கி, பேர் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நா எடுக்கச் சொன்னேன்னு மட்டுஞ் சொல்லிப்போடாத."