ஃபைனலைஸ் செய்யாதவன்

எங்கள் வீட்டில் எனக்குக் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஒரு பெயர். பிரிண்டர் மக்கர் செய்தாலும் மிக்ஸி மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதனால், அந்தக் காலத்தில் டிவிடி ரெக்கார்டர் வைத்துப் பதிந்த டிவி நிகழ்ச்சிகளையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது யாரும் சந்தேகப்படவில்லை. மனைவி மட்டும், "அதெல்லாம் இன்னும் ஓடுமா?" என்றாள். ஓடாமல் என்ன, என்றேன்.

ரெக்கார்டரைப் பார்த்திராதவர்களுக்காக: விசிஆர் செய்த வேலையைத்தான் அது டிஸ்க்கில் செய்தது. ஒரு டிஸ்க்கில் 4.7 ஜிபி. உயர்ந்த தரத்தில் பதிந்தால் 1 மணி நேரம், சுமாரான தரத்தில் 2 மணி, எல்பி என்ற முறைக்குப் போனால் 4 மணி நேரம் பிடிக்கும். நான் எல்லாவற்றையும் எல்பியில்தான் பதிந்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு டிஸ்க்கைச் செலவழிக்கிறவன் குடும்பம் நடத்த லாயக்கில்லை என்பது அன்று என் சித்தாந்தம். டிஸ்க்கும் ரிச்சி தெருவில் கேஸ் இல்லாமல் மொத்தமாக வாங்கியது. அதே 4.7 ஜிபியை நாலு மணி நேரத்துக்கு இழுத்தால், ஒவ்வொரு நொடிக்கும் கிடைப்பது கால் பங்குதான். படத்தின் அகலத்தையே 720 புள்ளியிலிருந்து 352 ஆகக் குறைத்துவிடும் ரெக்கார்டர்கள் உண்டு. வேகமாக ஓடுகிற எதுவும் கட்டம் கட்டமாக உடையும். நான் பதிந்தது பெரும்பாலும் கிரிக்கெட்.

முதலில் எடுத்தது 2007 செப்டம்பர் 24. ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த முதல் டி20 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். அன்று நான் ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தேன். டைமர் வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். பிறகு அந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேனா என்றால், இல்லை. பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

லேப்டாப்பில் டிஸ்க் போடும் இடமே இல்லை என்பதை டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன். யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்று வாங்கினேன். டிஸ்க்கைப் போட்டேன். இது காலி டிஸ்க், இதை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கம்ப்யூட்டர் மரியாதையாகக் கேட்டது.

காலியில்லை. ஃபைனலைஸ் செய்யப்படவில்லை. ரெக்கார்டர் படத்தையும் ஒலியையும் எழுதிக்கொண்டே போகும். எது எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தை, நாம் மெனுவில் போய் ஃபைனலைஸ் கொடுத்தால்தான் மற்ற கருவிகளுக்குப் புரியும்படி எழுதி முடிக்கும். அதுவரை அந்த டிஸ்க் பெரும்பாலும் அந்த ரெக்கார்டருக்கு மட்டுமே சொந்தம். சில நிமிட வேலை. நான் ஏன் செய்யவில்லை? ஃபைனலைஸ் செய்துவிட்டால் அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதுவும் பதிய முடியாது. கடைசியில் கொஞ்சம் இடம் மீதி இருந்தது. அதை வீணாக்குவானேன்! அந்த ரெக்கார்டரோ, புது டிவி வாங்கியபோது பழைய டிவியோடு எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது. பேரம் பேசி நானேதான் தள்ளிவிட்டேன்.

இந்த மாதிரி அனாதை டிஸ்க்குகளைப் படிக்க ஐசோபஸ்டர் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பொருளடக்கம் இல்லாவிட்டாலும் டிஸ்க்கில் எழுதியிருப்பதை நேராகப் படித்து வீடியோவை மீட்டுத் தரும். மீட்பதற்குக் காசு கட்ட வேண்டும். இலவசமாக வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடியே பல ராத்திரிகள் போயின. கடைசியில் கட்டினேன். படம் வந்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

கடைசி ஓவர். பாகிஸ்தானுக்கு 13 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். தோனி பந்தை ஜோகிந்தர் சர்மாவிடம் கொடுக்கிறார். முதலில் ஒரு வைடு. அடுத்த பந்தில் ரன் இல்லை. அதற்கடுத்ததை மிஸ்பா நேராகத் தூக்கி சிக்ஸருக்கு அனுப்புகிறார். இன்னும் 4 பந்து, 6 ரன். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். திரையில், பட்டுப்புடவை கட்டிய ஒரு மாமியார் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

மென்பொருள் துண்டுகளை மாற்றி ஒட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும் மாமியார். அப்புறம்தான் உறைத்தது: செட்டாப் பாக்ஸிலிருந்து ரெக்கார்டருக்கு ஒயர் போட்டவன் நான். பாக்ஸில் எந்தச் சேனல் ஓடுகிறதோ அதுதான் பதியும். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவன் சிக்ஸ் அடிச்சதும் படபடன்னு வந்துடுச்சுடா. தோத்துடுவோம்னு மாத்திட்டேன்" என்றார். "இரு, இரு, நிறுத்தாதே. இந்தக் கட்டம் நல்லா இருக்கும்."

மிஸ்பாவின் அடுத்த அடியை ஸ்ரீசாந்த் கேட்ச் பிடித்து ஆட்டத்தை முடித்ததை என் பையன் செல்போனில் எடுத்துக் காட்டினான். கட்டம் கட்டமாக உடையாமல், தெளிவாக இருந்தது.

கச்சேரி டிஸ்க்குகளில் இந்தத் தொல்லை வராது என்று நம்பினேன், ஏனென்றால் அவற்றை ஃபைனலைஸ் செய்திருந்தேன். உள்ளே விஓபி என்று முடியும் கோப்புகள். முதல் கோப்பைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்து, விஎல்சியில் ஓட்டினேன். வர்ணம், அப்புறம் ஒரு கீர்த்தனை, எல்லாம் பளிச்சென்று வந்தது. திருப்தி. இப்படியே வரிசையாக எல்லா டிஸ்க்குக்கும் செய்து முடித்துவிட்டேன். டிவிடியில் ஒரு விஓபி கோப்பு 1 ஜிபிக்கு மேல் போகாது, நீளமான நிகழ்ச்சியை அது துண்டு துண்டாகத்தான் வைத்திருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எல்பியில் 1 ஜிபி என்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். என்னிடம் இப்போது இருக்கும் எந்தக் கச்சேரியிலும் தனி ஆவர்த்தனம் கிடையாது. பிரதான ராகம் ஆரம்பித்தால் அதிர்ஷ்டம்.

டிஸ்க்கிலிருந்து மறுபடி எடுக்கலாமே என்பீர்கள். வேலை முடிந்ததென்று அவற்றை அம்மாவிடம் கொடுத்திருந்தேன். வடாம் காயும் இடத்தில் காக்கா வராமல் இருக்க மொட்டைமாடிக் கொடியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். நாம் வீட்டில் எழுதும் டிவிடி-ஆரில் இருப்பது சாயப் படலம், லேசர் பட்ட இடத்தில் அது மாறுவதுதான் பதிவு. வெயில் அதற்கு ஜென்ம விரோதி. எங்கள் டிஸ்க்குகள் கோடை முழுக்க வெயிலில் ஆடியிருந்தன. டிரைவில் போட்டால் கரகரவென்று சுற்றிவிட்டு வெளியே துப்பியது. வடாம் மட்டும் அந்த வருஷம் நன்றாக வந்தது.

மிச்சமிருந்தவற்றிலும் கைவரிசையைக் காட்டினேன். ஆட்கள் நகரும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். நம் பழைய டிவி ஒளிபரப்பு நொடிக்கு 25 படம், ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரி, இரட்டைப்படை வரி என்று இரண்டு பாதியாக வரும். பழைய குண்டு டிவியில் இது தெரியாது, கம்ப்யூட்டரில் பல் இளிக்கும். ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. நான் மானிட்டர் கேபிளை மாற்றினேன். அப்புறம் படம் திரையை நிறைக்க வேண்டும் என்று இழுத்துவிட்டதில் வித்வான்கள் அனைவரும் ஒரு சுற்றுப் பெருத்தார்கள். அப்படியே மாற்றிச் சேமித்து, இடம் மிச்சம் பிடிக்க மூலக் கோப்புகளை அழித்தும்விட்டேன்.

உங்கள் அலமாரியில் இப்படி டிஸ்க்குகள் இருந்து, ரெக்கார்டரும் உயிரோடு இருந்தால், முதலில் ஃபைனலைஸ் செய்யுங்கள். கடைசியில் இருக்கும் பத்து நிமிட இடத்துக்கு ஆசைப்படாதீர்கள். டிஸ்க்கை முழுசாக ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்துவையுங்கள், அல்லது மேக்எம்கேவியில் கொடுங்கள், தரம் குறையாமல் துண்டுகளைச் சேர்த்து ஒரே கோப்பாகத் தரும். ஒரு டிபி ஹார்டு டிஸ்க்கில் 200 டிஸ்க்குக்கு மேல் கொள்ளும், ஆகவே எதையும் சுருக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் கடைசி ஐந்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள். அதற்கப்புறம் வடாமுக்குக் கட்டலாம்.